கடைத்தெருவில் கருவி கண்டவர்

வானொலிப் பெட்டி எத்துணை விலை உயர்ந்ததாயினும், காது இல்லையேல் அது வெறும் பெட்டியே. அந்தக் காதைத்தான் ஏரியல் என்கிறோம். ஆன்டெனா என்றும் சொல்கிறோம். செய்தி அனுப்பும் நிலையத்திற்கு அதுவே வாயும் ஆகிறது. பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் பொழுதுபோக்கு வானொலியில் நாட்டம் கொண்ட எவரும் ஏரியலைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்படுவர். அப்போது முதலில் எழும் வினா கணக்கைப் பற்றியதன்று, சரக்கைப் பற்றியது. கம்பி எங்கே கிடைக்கும்? குழாய் எங்கே கிடைக்கும்? கம்பத்துக்கு என்ன செய்வது? மழையில் நனைந்தாலும் மின்சாரம் கசியாத துண்டு ஒன்று வேண்டுமே, அதற்கு எந்தக் கடைக்குப் போவது?

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர், நாம் இன்று பயிலும் இதே கொல்கத்தா நகரில், இதே வினாவை ஒருவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். வெளிநாட்டுக் கருவிகள் அவர் கைக்கு எட்டவில்லை. கடைத்தெருவும், ஒரு தகரவேலைக்காரரும், தம் சம்பளப் பணமுமே அவருக்குத் துணை. அவற்றைக் கொண்டு, அன்று உலகில் வேறு எவரும் எட்டாத நுண்ணிய மின்னலைகளை எழுப்பிக் காட்டினார். அவரே ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்.

அவர் பெயர் நமக்குப் புதிதன்று. இந்நகரின் பெருஞ்சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து நடத்துநர் நாள்தோறும் அதைக் கூவுகிறார். செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்று ஊரில் நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. நானும் அந்த அளவில்தான் அவரை அறிந்திருந்தேன். பௌதிகம் பயிலத் தூத்துக்குடிச் சீமையிலிருந்து இங்கு வந்து, வானொலி உரிமத் தேர்வும் எழுதி, விடுதி மாடியில் ஏரியல் கட்டச் சரக்குத் தேடி அலைந்தபோதுதான் அவருடைய மற்றொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் உயர் உத்தியோகத்தில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். தாய்மொழியை முதலில் கற்கட்டும், தன் மக்களை முதலில் அறியட்டும் என்பது அவர் கருத்து. அங்கே சிறுவன் ஜகதீசனின் ஒரு பக்கத்தில் தந்தையிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஏவலரின் மகன் அமர்ந்தான். மறுபக்கத்தில் மீனவர் மகன் அமர்ந்தான். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றிய கதைகளை அவர்களிடம் கேட்டதுதான் தம் இயற்கை ஆராய்ச்சியின் விதை என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

தந்தை பர்த்வானில் பணியாற்றியபோது அங்கே கொள்ளை நோய் பரவிப் பல குழந்தைகள் அநாதைகள் ஆயினர். அவர்களுக்கு ஒரு தொழில் கற்பிக்கத் தம் வளாகத்திலேயே தச்சு வேலை, உலோக வேலை முதலியவற்றுக்குப் பட்டறைகள் அமைத்தார். மகனும் அங்கே கருவிகளைக் கையாளப் பழகினான். பித்தளையில் சிறு பீரங்கி ஒன்று வார்த்ததாக அவர் வரலாறு கூறும். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை உலையின் பக்கத்தில் நின்று கை கருக்க வேலை பழகியது அந்நாளில் அரிய காட்சி. இந்தப் பயிற்சியே பின்னால் அவர் கையில் கருவியாக மலர்ந்தது என்று கருதுகிறேன்.

கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் பிறகு செயின்ட் சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் பௌதிகம் கற்பித்த லாஃபோன் என்ற பாதிரியார், சோதனைகளைக் கண்முன் செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவர். 1880-இல் மருத்துவம் பயில லண்டன் சென்ற போஸ், உடல்நலம் கெட்டதால் அதை விட்டுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்று இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே ராலே பிரபு அவருக்கு ஆசிரியர். 1884-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் தாயகம் திரும்பினார்.

மூன்றாண்டு நோன்பு

1885-இல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். ஆனால் அங்கே ஒரு அவமானம் காத்திருந்தது. ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியருக்குக் கிடைக்கும் ஊதியத்தில் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் என்பது அன்றைய விதி. அவருடைய நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, பக்கத்து அறையில் பாடம் சொல்லும் வெள்ளையருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விட்டுவிடவில்லை, கூச்சலும் போடவில்லை. நாள் தவறாமல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாதம் பிறந்ததும் வரும் சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். இப்படி மூன்று ஆண்டுகள்! தந்தைக்குப் பெருங்கடன் இருந்த காலம் அது. 1887-இல் அபலா என்ற மங்கையை மணந்து குடும்பமும் நடத்திவந்தார். அபலா அம்மையாரைப் பற்றித் தமிழராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத அந்நாளில் அவர் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல் நலிவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். வறுமையிலும் கணவரின் உறுதிக்குத் துணை நின்ற பெருமை அவருக்கு உரியது.

முடிவில் அரசாங்கம் இறங்கிவந்தது. முழு ஊதியத்துடன் நிலையான பதவி, அதுவும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு வழங்கப்பட்டது. மொத்தமாகக் கிடைத்த அந்தத் தொகையைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார் மகன்.

ஒரு சிறு அறை

1888-இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளை எழுப்பி, அவை ஒளியைப் போலவே திரும்புவதையும் வளைவதையும் காட்டினார். அவர் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளில், 36 வயதிலேயே காலமானார். அவருடைய பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவு அதே ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அது போஸின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் அவருக்கு 36 வயது நிறைந்தது. இனி என் வாழ்வு ஆராய்ச்சிக்கே என்று அன்று உறுதி பூண்டார்.

உறுதி பூண்டாலும் எங்கே ஆராய்வது? கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. 24 சதுர அடி கொண்ட சிறு இடம் ஒன்று கிடைத்தது. நம் விடுதியில் இரண்டு கட்டில்களை நெருக்கிப் போட்டால் அடைபடும் இடத்தை விடவும் அது சிறியது. ஆராய்ச்சிக்கென்று பணமும் ஒதுக்கப்படவில்லை. தம் ஊதியத்திலிருந்தே செலவு செய்தார். விஞ்ஞானப் பயிற்சி எதுவும் இல்லாத தகரவேலைக்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, வேண்டியவற்றைச் சொல்லிச் சொல்லிச் செய்வித்தார்.

இந்த இடத்தில் ஒரு பௌதிக உண்மையைச் சொல்லவேண்டும். அலையின் நீளம் எவ்வளவோ, அதற்கேற்றபடியே ஏரியலின் அளவும் அமையும். ஹெர்ட்ஸ் தம் சோதனைகளில் பயன்படுத்திய அலையின் நீளம் 66 சென்டிமீட்டர். அந்த அலைகளைக் குவிக்க இரண்டு மீட்டர் உயரத் துத்தநாகத் தகடுகளை மரச்சட்டத்தில் வளைத்துக் கட்டினார். அவற்றை வளைத்துக் காட்டக் கீலால் வார்த்த முப்பட்டைக் கட்டியின் எடை ஏறத்தாழ 600 கிலோ! அத்தகைய கருவிகள் போஸின் அறைக்குள் நுழையவே நுழையா. ஆகவே அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும். அன்றியும் அலை குறுகக் குறுக அது ஒளியைப் போலவே நேர்க்கதிராகச் செல்லும். போஸ் அலையை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். இன்றைய கணக்கில் அது வினாடிக்கு 6,000 கோடி அதிர்வுகள். இட நெருக்கடியும் பௌதிகத் தேவையும் ஒரே விடையைக் காட்டின. அந்த விடையைக் கண்டுகொண்ட கண்தான் அவருடைய பெருமை.

சரக்குத் தேடிய வரலாறு

அலையை எழுப்ப மின்பொறி வேண்டும். பொறி பறக்கும் உலோகக் குண்டுகள் விரைவில் அரித்துச் சொரசொரப்பாகிவிடும்; அலையும் கெட்டுவிடும். இதற்குப் போஸ் மலிவுச் சரக்கைத் தேடவில்லை. இரு கிண்ணம் போன்ற அரைக்கோளங்களுக்குப் பிளாட்டினம் பூசி, அவற்றின் நடுவே பிளாட்டினக் குண்டு ஒன்றை வைத்தார். பணமில்லாத மனிதர் பிளாட்டினத்துக்கு ஏன் போனார்? அந்த ஓரிடத்தில் வேறெதுவும் நிலைத்து நிற்காது என்பதால்தான்.

எழுந்த அலையைச் செலுத்தவும் சேர்க்கவும் என்ன வேண்டும்? உலோகத் தகடு போதும். இத்தகைய அலையில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலிலேயே ஓடிவிடுகிறது. உள்ளே கனமிருந்து பயனில்லை. ஆகவே தகரவேலைக்காரரின் கைத்திறனே இங்குப் போதுமானதாயிற்று. உள்ளீடற்ற குழாய்கள் அலைக்கு வழியாயின. அவற்றின் வாயை மெல்ல மெல்ல அகலச் செய்து புனல் போல் அமைத்ததும் அலையைச் சேர்க்கும் ஏரியல் கிடைத்துவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் செய்யத் தெரிந்த கைக்கு இது புதிய வேலையா? இன்று உலகெங்கும் நுண்ணலை நிலையங்களில் காணப்படும் கொம்பு ஆன்டெனாவின் முன்னோர்களில் ஒன்று அந்தப் புனல்.

அலையை வளைக்க அவர் நாடியது கந்தகம். மின்கதிர் கந்தகத்தினுள் எவ்வளவு வளைகிறது என்று அளந்து அவர் எழுதிய கட்டுரையை ராலே பிரபு லண்டன் ராயல் சங்கத்தின் முன் வைத்தார்; 1895-இல் அது வெளியாயிற்று. குழாயினுள் வேண்டாத எதிரொலிப்பை அடக்க அவர் கையாண்டது உப்புக் கரைசலில் நனைத்த மையொற்றுத் தாள்.

அடுத்தது வேடிக்கையானது. மின்னலையில் குறுக்காக அதிர்வதையும் நெடுக்காக அதிர்வதையும் பிரித்தறிய ஒரு சல்லடை வேண்டும். மெல்லிய உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், இணையாக அடுக்கினால் தகடுகளுக்கு இணையாக அதிரும் அலை தடைப்படும். செங்குத்தாக அதிரும் அலை கடந்து செல்லும். இவ்வாறு நூற்றுக்கணக்கான தகடுகளைச் சீராக அடுக்குவது எப்படி? ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்தார் போஸ். பிராட்ஷா என்று பெயர் பெற்ற கனத்த புத்தகம் அது. பக்கத்திற்குப் பக்கம் வெள்ளீயத் தாளைச் செருகினார். காகிதம் இடைவெளியைக் காத்தது. ஈயத்தாள் அலையைத் தடுத்தது. ரயிலுக்கு வழி சொன்ன புத்தகம் அலைக்கும் வழி சொல்லிற்று! ஈயத்தாள் இல்லாத வெறும் புத்தகமே கூட ஓரளவு இந்த வேலையைச் செய்வதை அவர் காட்டினார். தாளும் காற்றும் மாறி மாறி அடுக்கி இருப்பதே போதும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடுகிறது. ஏன்? அதன் மூலக்கூறுகளில் முறுக்கு இருப்பதால். மின்னலைக்கும் அத்தகைய முறுக்குப் பொருள் ஒன்று கிடைத்தால் இதை விளக்கிவிடலாம் அன்றோ? ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் அந்நாளில் சணல் ஆலைகள். சணல் கட்டுகளை எடுத்து, சிலவற்றை வலப்புறமாகவும் சிலவற்றை இடப்புறமாகவும் முறுக்கினார் போஸ். வலமுறுக்கு அலையின் தளத்தை ஒரு பக்கம் திருப்பிற்று. இடமுறுக்கு மறுபக்கம் திருப்பிற்று. 1898-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை, முறுக்குடைய செயற்கைப் பொருள்களைப் பற்றி எழுதுவோர் இன்றும் முன்னோடியாகக் காட்டுகின்றனர். சாக்குப் பை தைக்கும் சணல்தான் அது!

அலை வந்து சேர்ந்ததை அறியச் சிறு எஃகுச் சுருள்வில்களை நெருக்கி அடுக்கிப் பார்த்தார். பின்னர் கலீனா என்ற ஈயக் கனிமத்தின்மேல் ஊசிமுனையைத் தொடவைத்துப் பார்த்தார். இவ்வகைக் கல்தான் பிற்காலத்தில் உலகெங்கும் ஏழை எளியவர் செய்துகொண்ட கல் வானொலிப் பெட்டிகளின் இதயமாயிற்று.

1895-இல் பொதுமக்கள் காண ஒரு சோதனையும் நடத்தினார். 75 அடி தொலைவில், இடையே சுவர்கள் நிற்க, கம்பியின் துணையின்றியே மணி ஒலித்தது; வெடிமருந்து வெடித்தது. இதற்காக 20 அடிக் கம்பத்தின் உச்சியில் வட்டமான உலோகத் தகடு ஒன்றை வைத்து அனுப்பும் கருவியோடு இணைத்தார். வாங்கும் கருவிக்கும் அதுபோன்றே ஒன்று. உயரக் கம்பத்தில் ஏரியல் கட்டி நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நெருங்கிய முன்னோர் யார்?

சாந்தினிச் சந்தையில்

இவ்வளவும் படித்த பிறகு சாந்தினிச் சந்தைக்குப் போவது எனக்கு வேறொரு அனுபவமாயிற்று. முன்பெல்லாம் ஆன்டெனாச் சரக்கு இருக்கிறதா என்று கேட்பேன். கடைக்காரர் கையை விரிப்பார். அப்படி ஒரு சரக்கு உலகில் இல்லை என்பதே உண்மை. மின்சாரம் ஓடுமா, ஓடாதா, காற்றைத் தாங்குமா, மழையைத் தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் பொருள் எதுவோ அதுவே சரக்கு.

7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அரையலை ஏரியல் கட்ட ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். மோட்டார் சுருள் சுற்றும் கடையில் எனாமல் பூசிய செப்புக் கம்பி எடைக்குக் கிடைக்கிறது. நடுவே இரண்டாகப் பிரித்து இணைப்புக் கொடுக்கவேண்டும். அத்தகைய ஏரியலின் மின்தடை சுமார் 73 ஓம். வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் வயரின் அளவு 75 ஓம். எனவே அந்த வயரே இதற்குப் பொருந்திவிடுகிறது. முனைகளில் மின்சாரம் கசியாதிருக்கத் தண்ணீர்க் குழாய்க்கு வரும் பிளாஸ்டிக் குழாயில் இரு துளையிட்ட துண்டுகள் போதும்.

145 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் அரையலை ஒரு மீட்டர்தான். பழைய வீடுகளின் மாடியில் தூர்தர்ஷன் காலத்து ஏரியல்கள் இன்னும் துருவேறிய கம்பங்களில் தலைசாய்ந்து நிற்கின்றன. காயலான் கடையில் அவற்றின் அலுமினியக் குழாய்கள் கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் தச்சரின் எஃகு அளவு நாடாவை வெட்டி ஏரியல் செய்வோரும் உலகில் பலர். கம்பத்துக்கு மூங்கில். துர்கா பூஜைப் பந்தல்கள் பிரிக்கப்படும் நாட்களில் இந்நகரில் மூங்கிலுக்கா பஞ்சம்! நன்றாகக் காய்ந்த மூங்கிலாக எடுத்து வார்னிஷ் பூசவேண்டும். ஈர மூங்கில் மின்சாரத்தைக் கசியவிடும். அலுமினியத்தோடு செம்பை நேரே முடுக்கினால் மழைக்காலத்தில் அரித்துவிடும். இடையே துருப்பிடிக்காத எஃகு வளையம் ஒன்றைச் செருகுவது நலம்.

இவை சிறு செய்திகள்தாம். ஆனால் ஒவ்வொன்றிலும் போஸ் கற்பித்த பாடம் இருக்கிறது. பொருளின் பெயரைக் கேட்காதே, அதன் குணத்தைக் கேள் என்பதே அப்பாடம். பிளாட்டினம் வேண்டிய இடத்தில் சணல் உதவாது; சணல் வேண்டிய இடத்தில் பிளாட்டினம் உதவாது. எது எங்கே வேண்டும் என்பதைக் கடைக்குப் போகுமுன் அறிந்திருக்கவேண்டும். அந்த அறிவு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

புகழும் பொருளும்

1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே இங்கிலாந்து சென்று லிவர்பூலில் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தின் முன் தம் கருவியை இயக்கிக் காட்டினார். கெல்வின் பிரபு வியந்து பாராட்டினார். 1897 ஜனவரி 29-ஆம் நாள் லண்டன் ராயல் கழகத்தில் சொற்பொழிவாற்றினார். மேசை மீது அடங்கிய அந்தச் சிறு கருவியின் அமைப்பில் எதையும் அவர் மறைத்துவைக்கவில்லை.

1901-இல் அங்கே மீண்டும் பேசச் சென்றபோது, தந்தி நிறுவனம் ஒன்றின் முதலாளி வந்து அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுத் தருவதாகவும் இலாபத்தில் பங்கு தருவதாகவும் வற்புறுத்தினார். போஸ் மறுத்துவிட்டார், அதைப் பற்றித் தம் நண்பர் தாகூருக்கும் எழுதினார். எனினும் நிவேதிதை அம்மையாரும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரில் கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் சென்றது. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. அதைக் கொண்டு பொருள் சேர்க்க அவர் முயலவில்லை.

அதே 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த செய்தியைக் கேட்டார். அவருடைய ஏரியலும் ஒரு விந்தைதான். பலூன் ஒன்று காற்றில் அறுந்து போன பிறகு, காற்றாடியில் கட்டி ஏறக்குறைய 500 அடிக் கம்பியை வானில் ஏற்றினார்! அவர் கையாண்ட பாதரசக் கருவி, போஸ் 1899-இல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்ததே என்று ஆய்வாளர் சிலர் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றனர். இதைக் கொண்டு வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ்தான் என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. எனக்கு அந்த முழக்கத்தில் மனம் செல்லவில்லை. நெடுந்தொலைவுச் செய்திக்கு நீண்ட அலைகளைத் துணைகொண்டு வழிவகுத்தவர் மார்க்கோனி. குறுகிய அலைகளைத் துணைகொண்டு அலையின் இயல்பை ஆராய்ந்தவர் போஸ். இருவர் வழியும் வேறு. இல்லாத மகுடத்தைச் சூட்டினால்தான் போஸ் பெரியவர் ஆவார் என்பதில்லை. அவர் தொட்ட 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உலகம் அன்றாடத் தொடர்புக்குக் கொண்டுவர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2012-இல் அனைத்துலக மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ., பிரசிடென்ஸியில் நடந்த அந்தச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது.

பிற்காலம்

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டு பிறந்தபோதே அவர் நாட்டம் உயிரினங்களின் பக்கம் திரும்பிவிட்டது. உலோகக் கருவி ஓயாமல் வேலை செய்தால் களைத்துப்போவதையும் ஓய்வுக்குப் பின் மீள்வதையும் கண்டவர், செடியும் அப்படியா என்று கேட்டார். தொட்டாற்சுருங்கியின் துடிப்பைப் புகை படிந்த கண்ணாடித் தகட்டில் தானே எழுதச் செய்தார். செடி வளர்வதைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியையும் அமைத்தார். அவர் முடிவுகள் சிலவற்றை அக்காலத்து உடலியல் அறிஞர் ஏற்கவில்லை, நெடுங்காலம் வழக்காடவேண்டியிருந்தது. ஆனால் கருவிகளின் நுட்பத்தைக் கண்டு வியக்காதவர் அரியர். 

1915-இல் ஓய்வு பெற்றார். 1917-இல் தம் 59-ஆம் பிறந்தநாளன்று தம் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சர் பட்டமும் அவ்வாண்டே வந்தது; 1920-இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ஆம் நாள், 79 வயது நிறைய ஒரு வாரமே இருந்தபோது, கிரிடீயில் காலமானார். 24 சதுர அடியில் தொடங்கியவர், தமக்குப் பின் வருவோர் இடத்துக்கும் கருவிக்கும் அலையவேண்டாம் என்று ஒரு மாளிகையையே விட்டுச்சென்றார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள அவருடைய கருவிகளை நம் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கண்டு வரவேண்டும்.

நமக்கு உரியது

நம்மில் பலர் அடுத்த ஆண்டு ஆராய்ச்சிக்குச் செல்ல இருக்கிறோம். கருவி வரட்டும், பிறகு தொடங்கலாம் என்ற பேச்சு உணவுக்கூடத்தில் நாள்தோறும் காதில் விழுகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. வறுமை ஆராய்ச்சிக்கு நல்லது என்று நான் சொல்லமாட்டேன். போஸும் அப்படி எண்ணவில்லை. எண்ணியிருந்தால் முழு ஊதியத்துக்காக மூன்றாண்டு நோன்பு இருந்திருக்கமாட்டார். ஆராய்ச்சி நிலையமும் கட்டியிருக்கமாட்டார். உரிமையைக் கேட்டுக்கொண்டே வேலையையும் நிறுத்தாமல் செய்தார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அந்த மரபு நம் தமிழகத்திலும் தொடர்ந்திருக்கிறது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்த வானொலித் தொலைநோக்கிக்குக் கண்ணாடி, 530 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளே. பூமியின் அச்சுக்கு இணையாக அதைச் சாய்த்து வைக்கப் பெரும் பொறி தேவைப்படவில்லை. அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கல்கத்தாவில் ஒருவர் சணலைக் கருவியாக்கினார். நீலகிரியில் சிலர் மலையையே கருவியாக்கினார்கள்.

நண்பர்களே, நம் கையில் இருப்பது என்ன என்று பார்க்குமுன், நமக்கு வேண்டுவது என்ன குணம் என்று தெளிவோம். அதன்பின் கடைத்தெருவில் இறங்குவோம். தகரக் கடையும் கயிற்றுக் கடையும் பழைய புத்தகக் கடையும் நமக்காகத் திறந்தே இருக்கின்றன.